நடமாடும் இல்லத்தார் கண்டுபிடித்த இலட்சியத் தரிப்பிடம்

மனிதனுக்கு உண்ண உணவும் உடுக்க உடையும் இருக்க இடமும் கிடைத்துவிட்டால், நாலாவதாக அவனுக்கு வேண்டியது சில்லுப் பூட்டிய இடம். இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் பரிஸ் நகரத்து லாச்சப்பல் தமிழர்கள்தான் என்று நான் எழுதினால் பிரெஞ்சுக்காரர் சண்டைக்கு வருவார்கள். எங்களுக்கு வெகுகாலம் முந்தியே அவர்கள் காம்பிங் கார் வாங்கி, அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, கடலையும் மலையையும் பார்த்துத் திரிந்தவர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஒரு பெரிய பிழை விட்டுவிட்டார்கள். அதற்கென்று ஒரு சங்கம் அமைக்கவில்லை.

எங்களிடையே இந்த வழக்கம் பெண் பெரியவளானதைக் கொண்டாடும் ஒரு சாமத்திய வீட்டில் தொடங்கியது. முந்திய வருடம்வரை பெண்ணைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள், பிறகு குதிரை வண்டியில் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் ஒருவர் மண்டப வாசலில் தன் மகளைக் காம்பிங் காரில் கொண்டுவந்து இறக்கினார். முன்கதவால் பெண் இறங்கியது. பின்கதவால் பலகாரப் பெட்டிகள் இறங்கின. பார்த்தவர்களுக்கு நித்திரை போய்விட்டது. அடுத்த கோடைக்குள் வடக்குப் புறநகர்கள் எங்கும் வெள்ளை வெள்ளையாய் வண்டிகள் நின்றன. எபினேயில் ஒருவர் வாங்கினார் என்பதற்காகக் கார்ஜில் இரண்டு பேர் வாங்கினார்கள். கார்ஜில் வாங்கினார்கள் என்பதற்காக நானும் வாங்கினேன்.

வாங்கியவர்களில் ஒருவரைத் தவிர வேறு ஒருவரும் ஓரிடத்துக்கும் போகவில்லை. வண்டிகள் அரிசி மூட்டை ஏற்றின, கலியாண வீடுகளுக்கு வாழையிலை ஏற்றின. குளியலறைக்குள் வெங்காயம் வைத்தார்கள். என் வண்டிக்குள் பழைய சோபா ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வைக்க இடமில்லாததும் எறிய மனமில்லாததுமான சோபா. அதற்கு மட்டும் வசதியான வாழ்க்கை.

இப்படி வண்டிகள் பெருகியதும் "பரிஸ் தமிழ் நடமாடும் இல்லத்தார் ஒன்றியம்" உதயமாயிற்று. தலைவர் ஞானரட்ணம். அவர் லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவருடைய தொழில் தலைவராக இருப்பது. மரக்கறி பக்கத் தொழில். செயலாளர் துஷ்யந்தனுக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அங்கே தனக்குக் கீழே ஒருவரும் இல்லாத குறையை ஒன்றியத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் உப்புக் கேட்டாலும் "மேற்படி உப்பு" என்றுதான் கேட்பார் என்று சொல்கிறார்கள்.

இனி, எல்லாரையும்போல வண்டி வாங்கிய மடுத்தீன், ஷிரோமி தம்பதியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடுத்தீன் ஞானரட்ணத்தின் கடையில் வேலை செய்கிறவர். மன்னார்க்காரர், அமைதியானவர், முதலாளி இருமினாலும் எழுந்து நிற்கிறவர். ஷிரோமிக்கு ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. அவளுக்குப் பரிஸ் நகருக்கு வந்த நாள்முதல் விடுமுறை என்றால் விருந்தாளிகளின் விடுமுறை. லண்டன் ஆட்கள் ஈபிள் கோபுரம் பார்க்க வருவார்கள், கனடா ஆட்கள் லூர்து மாதாவிடம் போகிற வழியில் வருவார்கள், ஜெர்மனி ஆட்கள் சும்மா வருவார்கள். எல்லாரும் தங்குவது அவள் வீட்டில். ஆர்இஆர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், முதலாம் மாடி, ஏறுவதும் இறங்குவதும் சுகம். எந்தப் புறநகர் என்று சொல்லமாட்டேன். அங்கே நகரசபை என்று ஒன்று இருக்கிறது, அது இந்தக் கதையில் வரப்போகிறது.

அந்த வருடம் ஷிரோமி ஒரு முடிவெடுத்தாள். மகள் பேர்ளியைக் கொண்டு யூரா மலைப்பக்கம் ஓர் ஏரிக்கரையில் இரண்டு கிழமைக்கு இடம் பதிவு செய்தாள்.

"எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம்," என்று என் மனைவியிடம் சொன்னாளாம். "ஒருத்தருக்கும் தெரியாத இடம். கதவைத் தட்டி ஒருத்தரும் 'என்ன சமையல்' எண்டு கேக்கக்கூடாது. அவ்வளவுதான் அக்கா."

கேட்டபோது எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. எங்களில் எத்தனை பேர் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறோம். பேர்ளி மட்டும் வரமறுத்தாள். அம்மா அப்பாவோடு காம்பிங் போவது வெட்கக்கேடு என்று பிரெஞ்சில் அறிவித்துவிட்டு, பரிசுக்குள்ளேயே ஸ்டாலின்கிராட் பகுதியில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சம் ஒன்றே ஒன்றுதான். மடுத்தீனுக்கு லீவு கிடைக்க வேண்டும். அவர் வாழைக்காய்ப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, ஓகஸ்டிலை ரெண்டு கிழமை கொன்ஜே வேணும்."

"எங்கை போறியள்?"

"காம்பிங் அண்ணை. யூரா பக்கம் ஒரு ஏரி."

ஞானரட்ணத்தின் முகத்திலிருந்து முதலாளி இறங்கித் தலைவர் ஏறினார். "ஒன்றியம் அங்கீகரிச்ச இடமோ அது?"

"ஒன்றியம் இன்னும் ஒரு இடத்தையும் அங்கீகரிக்கேல்லையே அண்ணை."

"அப்ப எப்பிடிப் போவியள்?"

மடுத்தீனுக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. அவர் திரும்பிப்போய் வாழைக்காய் அடுக்கினார். லீவு விடயம், இலட்சியத் தரிப்பிடம் எது என்று ஒன்றியம் தீர்மானிக்கும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

ஆகவே ஒன்றியத்தின் உபகுழு கூடியது. கடையின் நிலவறையில், முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கும் கருவாட்டுப் பைகளுக்கும் நடுவில். தலைவர் மூன்று அரிசி மூட்டைகளின்மேல் அமர்ந்தார். செயலாளர் இரண்டின்மேல். மற்றவர்கள் தத்தம் தகுதிக்கு ஏற்ப. ஷிரோமியும் வந்திருந்தாள். கணவனின் லீவு எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

துஷ்யந்தன் எழுந்தார். "பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, நடமாடும் இல்லத்துப் பெருமக்களே. தரிப்பிடம் என்றால் என்ன? அதன் இலட்சணங்கள் யாவை? எந்த இனமும் இதுவரை விஞ்ஞான ரீதியாக ஆராயாத இவ்விடயத்தை ஆராயும் வரலாற்றுக் கடமை நம் தோள்களில்..."

"தண்ணி, மரம், அமைதி," என்றாள் ஷிரோமி. "வேறை என்ன ஆராயக் கிடக்கு?"

"மரமோ?" என்று ஜெகதீஸ்வரி அக்கா திடுக்கிட்டார். அவர் மகளிர் அணிப் பொறுப்பாளர். "மரம் எண்டால் இலை கொட்டும். குருவி எச்சம் போடும். புது வண்டி, ஆர் கழுவிறது?"

மரம் நீக்கப்பட்டது.

"ஏரி எண்டாலும் யோசிக்க வேணும்," என்றார் தலைவர். "நுளம்பு கடிக்கும். அதோடை பிள்ளையள் விழுந்தால்?"

"எங்கடை பிள்ளையளுக்குக் கலியாண வயசாகுது அண்ணை."

"விழுறதுக்கு வயசு இருக்கோ?"

ஏரி நீக்கப்பட்டது. புல்லுக்குள் உண்ணி இருக்கும் என்பதால் புல்லும் நீக்கப்பட்டுத் தார் சேர்க்கப்பட்டது. ஏற்ற இறக்கமான இடத்தில் சாம்பார் ஒருபக்கமாகச் சரியும் என்று ஒருவர் சொன்னதால் மலைகள் போயின. பிரான்ஸ் தேசம் எங்கள் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிக்கொண்டு வந்தது.

அடுத்துப் பேசியவர் றெமிஜியஸ். எங்களில் உண்மையாகவே காம்பிங் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். ஆவணித் திருநாளுக்கு வருடா வருடம் லூர்து போகிறவர். "போனமுறை வண்டிக்கு வெளியிலை நெத்தலிக் கருவாடு பொரிச்சனான். பக்கத்து வண்டிக்காரன் தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் அடிச்சுப்போட்டான். அவங்கள் குழாயோடை ஓடிவந்து, மணந்து பாத்து, ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டிட்டுப் போனவங்கள். ஆனா எல்லா ஊரிலையும் தீயணைப்புப் படை அப்பிடி இராது."

இதிலிருந்து, அயலில் கருவாட்டு வாசம் பழகிய மக்கள் வாழவேண்டும் என்ற விதி பிறந்தது. கறிவேப்பிலை முடிந்தால் நடந்துபோய் வாங்கத் தமிழ்க் கடை வேண்டும் என்றார் தலைவர். இதைச் சொன்னது தலைவரா மரக்கறிக் கடையா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. வண்டி பழுதுபட்டால் வீட்டுக்கு வருவதற்கு ஆர்இஆர் நிலையம் கிட்ட இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். பாராட்டினார்கள்.

"ரொயிலற்?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரி அக்கா.

"வண்டிக்குள்ளையே இருக்குத்தானே அக்கா," என்றாள் ஷிரோமி.

"இருக்கு," என்றார் தலைவர் மெதுவாக. "ஆனா அதைக் கழட்டிக் கொண்டுபோய் ஆர் ஊத்திறது?"

சங்கங்களில் கணக்குக் கேட்டால்கூட இப்படி ஓர் அமைதி வராது. ஆகவே நிரந்தரமான, ஓடு பதித்த, சுடுதண்ணீர் வருகிற கழிப்பறை ஒன்று அருகில் இருப்பது இன்றியமையாதது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அடுத்த கூட்டத்தில் துஷ்யந்தன் ஆய்வின் முடிவை வெளியிட்டார். மரமில்லை, ஏரியில்லை, மலையில்லை, தார் உண்டு. தமிழ்க் கடை உண்டு, ஆர்இஆர் உண்டு. அயலவர் கருவாட்டில் தேர்ச்சி பெற்றவர்கள். பிரான்ஸ் முழுவதிலும் இத்தனை இலட்சணமும் பொருந்திய இடம் ஒன்றே ஒன்றுதான். புரொஜெக்டரிலிருந்து சுவரில் அதன் படம் விழுந்தது.

ஷிரோமி எழுந்துவிட்டாள். "இது எங்கடை வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற பார்க்கிங்!"

"ஆம், சகோதரி. தங்கள் கழிப்பறை முதலாம் மாடியில் இருப்பது இத்தரிப்பிடத்தின் தனிச்சிறப்பு," என்றார் துஷ்யந்தன்.

"நான் வீட்டை விட்டு வக்கான்ஸ் போறதுக்கு எல்லோ இடம் கேட்டனான்?"

"எங்கை போனாலும் கடைசியிலை எல்லாரும் உங்கடை வீட்டைதானே தங்கச்சி வருவினம்," என்றார் தலைவர் பாசத்தோடு. "இஞ்சையே இருந்தால் உங்களுக்கு அலைச்சல் இல்லை."

முன்மொழிந்தவர் ஜெகதீஸ்வரி அக்கா. வழிமொழிந்தவர் மடுத்தீன். கை தூக்கும்போது அவர் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை. பாவம், அவருக்கு லீவு வேண்டியிருந்தது.

ஓகஸ்ட் பிறந்ததும் விழா எடுத்தோம். மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைவர் நாடா வெட்டல். வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. பார்க்கிங்கின் மூலையில் நகரசபை நட்டு மறந்த ஒரு பற்றைச் செடி இருந்தது. மரம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட எல்லாக் குடும்பமும் முறைவைத்து அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்தது. கட்டடம் தெரியாமல் எடுக்க வேண்டும். அதற்குப் படமெடுப்பவர் தரையில் படுக்க வேண்டும். நான்தான் படுத்தேன். "பிரான்சின் இயற்கை மடியில்" என்று ஜெகதீஸ்வரி அக்கா எழுதிப் போட்டார்.

ஷிரோமி வீட்டு மணி ஓயவில்லை. "தங்கச்சி, ஒரு நிமிசம்" என்று வருகிறவர் கழிப்பறைக்குப் போய், முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் இறங்குவார். வண்டிக்குள் சமைத்தால் மெத்தையில் மணம் பிடிக்கும் என்பதால் சமையலும் அவள் அடுப்பில் நடந்தது. சட்டிகளைக் கீழே கொண்டுபோய், கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியில் இருந்து சாப்பிட்டால்தானே காம்பிங். ஒருநாள் அவள் தன் சொந்தக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றது நான். விட்டுக்கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கும் அவசரம்.

இந்த நிலையில்தான் நகரசபை வந்தது. கறுப்புக் கண்ணாடியும் நீலக் கோப்பும் கொண்ட ஒரு மதாம். எங்கள் சார்பில் துஷ்யந்தன் முன்னால் போனார்.

"நீங்கள் இங்கே காம்பிங் செய்கிறீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லை மதாம். தரித்து நிற்கிறோம்."

"தரித்து நிற்கலாம். காம்பிங் செய்ய அனுமதி இல்லை."

"இரண்டுக்கும் என்ன வேறுபாடு?"

"கதிரை," என்றாள் மதாம். "கதிரை வண்டிக்குள் இருந்தால் அது பார்க்கிங். கதிரை வெளியே வந்தால் அது காம்பிங்."

துஷ்யந்தன் மெய்சிலிர்த்துப் போனார். ஒரு நாட்டின் நிர்வாகம் இவ்வளவு நுட்பமாகச் சிந்திக்க முடியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. உடனே கதிரைகள் உள்ளே போயின. நாங்கள் எல்லாரும் நின்றோம். மதாமும் நின்று பார்த்தாள். வெகுநேரம் யாரும் அசையவில்லை. கடைசியில் முழங்கால் தாங்காமல் றெமிஜியஸ் உடுத்திருந்த சாரத்தை ஒதுக்கிவிட்டுக் குந்தினார்.

"அவர் என்ன செய்கிறார்?"

"குந்தியிருக்கிறார் மதாம்."

"அது உட்காருதல் அல்லவா?"

"கதிரை இல்லையே மதாம்."

மதாம் கோப்பைப் புரட்டினாள். பிறகு மேலதிகாரிக்குத் தொலைபேசி அடித்தாள். மேலதிகாரி தன் மேலதிகாரிக்கு அடித்தார். அங்கிருந்து படம் கேட்டார்கள். றெமிஜியசை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்து அனுப்பினாள். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று கேட்டார், வேண்டாம் என்றார்கள். கதிரையில்லாமல் உட்காரக்கூடிய மனிதர்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் வந்தது. நாங்கள் கைதட்டிவிட்டு மொத்தமாகக் குந்தினோம். வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

"ஆனால்," என்றாள் மதாம், "நகராத வண்டி பார்க்கிங் அல்ல, குடியேற்றம். ஒரு வண்டியாவது நகர்ந்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இழுவைக்காரர் கொண்டுபோவார்கள்."

இதுதான் சிக்கல். நகர்ந்தால் இடம் போய்விடும். தலைவரின் வண்டி பற்றைக்கு எதிரே நின்றது, நல்ல காட்சி. ஜெகதீஸ்வரி அக்காவின் வண்டி நிழலில். என் வண்டி கிளம்பாது.

"நாங்கள் போறம்," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. முதலாம் மாடி ஜன்னலில் ஷிரோமி, கையில் அகப்பையோடு.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தியாகம் என்றார். "திருமதி ஷிரோமி மடுத்தீன் அவர்களின் வண்டி தெருமுனைச் சுற்றுவட்டம்வரை சென்று திரும்புவதற்கு ஒன்றியம் இத்தால் அனுமதி வழங்குகிறது" என்று துஷ்யந்தன் குந்தியபடியே வாசித்தார். மடுத்தீன் தயங்கினார்.

"அண்ணை, என்ரை கொன்ஜே?"

"தந்தாச்சு. நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் கொன்ஜே."

"திரும்பி வரும்வரைக்கும்" என்ற அந்த வார்த்தையை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஷிரோமி கவனித்தாள். அடுப்பை அணைத்தாள், வீட்டைப் பூட்டினாள், திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள், வண்டியில் ஏறினாள். மதாம் வண்டி நகர்ந்ததைக் கண்ணால் கண்டு, கோப்பில் குறித்து, திருப்தியோடு போனாள்.

சுற்றுவட்டத்தில் நடந்ததை மடுத்தீன் பிறகு சொன்னார்.

"இஞ்சாருங்கோ, நேரா விடுங்கோ."

"தலைவர் சுத்தி வரச் சொன்னவரெல்லே?"

"உலகம் உருண்டைதானே. நேரா போனாலும் சுத்தித்தான் வருவம்."

மடுத்தீன் வாழ்க்கையில் முதல்தடவையாக நேராக விட்டார்.

பதிவு செய்திருந்த ஏரிக்கரை அவள் கேட்டபடியே இருந்தது. மரம் இருந்தது, இலை கொட்டியது. குருவி எச்சம் போட்டது, ஷிரோமி அதைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வண்டியில் வயதான ஒல்லாந்துத் தம்பதி. வணக்கம் சொன்னார்கள். எந்த ஊர், ஆருடைய ஆட்கள், பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் முடிந்ததோ என்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் கதிரையை வெளியே போட்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தபோது அழுதுவிட்டாள் என்று மடுத்தீன் சொன்னார். நான் நம்புகிறேன்.

மத்தியானமும் அமைதியாக இருந்தது. பின்னேரமும் அமைதியாக இருந்தது. ஷிரோமி கைபேசியை எடுத்துப் பார்த்தாள். வைத்தாள். திரும்பவும் எடுத்தாள்.

இங்கே பார்க்கிங்கில் நாங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். சுற்றுவட்டம் அவ்வளவு தூரமில்லையே என்று தலைவர் கவலைப்பட்டார். விபத்தோ என்று ஜெகதீஸ்வரி அக்கா கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். சிலர் தங்கள் வண்டியின் குளியலறையைத் திறந்து வெங்காய மூட்டையைப் பார்த்துவிட்டு மூடினார்கள். அந்த நேரத்தில்தான் எல்லாருடைய கைபேசியும் ஒரே தடவையில் மணியடித்தது.

படம். ஏரி, மரம், மலை, நடுவில் ஷிரோமியின் இரண்டு பாதங்கள். கீழே எழுதியிருந்தாள்: "ஒருத்தருக்கும் தெரியாத இடம். என்ன ஒரு நிம்மதி!" அதற்குக் கீழே அந்த இடத்தின் பெயர், ஊர், வரைபடம்.

அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. கண்டனத் தீர்மானம் எழுதத் துஷ்யந்தன் பேனையைத் திறந்தார். றெமிஜியஸ் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். மரங்களுக்குப் பின்னால், மூலையில், சின்னதாய் ஓடு பதித்த ஒரு கட்டடம்.

"அண்ணை," என்றார், "இது ரொயிலற் எல்லோ?"

கண்டனத் தீர்மானம் கைவிடப்பட்டு, அங்கீகாரத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மரம், ஏரி, புல், மலை பற்றிய முந்திய ஆட்சேபங்கள் ஒத்திவைக்கப்பட்டன. என் வண்டி இரண்டாவது தள்ளிலேயே கிளம்பிவிட்டது.

விடிந்து சற்று நேரத்தில் ஏரிக்கரையில் போய் இறங்கினோம். ஒல்லாந்துத் தம்பதி எங்கள் வரிசையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு வண்டிக்கு முன்னால் விரித்திருந்த கூரைத்துணியைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஷிரோமி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றாள்.

"இவ்வளவு வடிவான இடத்தை வைச்சுக்கொண்டு ஏன் தங்கச்சி எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றார் தலைவர் மனவருத்தத்தோடு. ஜெகதீஸ்வரி அக்கா அதற்குள் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார், படமெடுக்க ஆள் தேடினார். யாரோ ஒருவர் "என்ன சமையல்?" என்று கேட்டார்.

மடுத்தீன் மனைவியைத் தனியே கூட்டிக்கொண்டுபோனார். தனியே என்றால் எங்கள் எல்லாருக்கும் கேட்கிற தூரம். "ஒருத்தரும் வரக்கூடாது எண்டு நீர்தானே சொன்னனீர். பிறகேன் படத்தைப் போட்டனீர்?"

ஷிரோமி அவரை விளங்காமல் பார்த்தாள். "நான் நிம்மதியா இருக்கிறதை நாலு பேர் பாக்காட்டி, பிறகென்ன நிம்மதி?"

இந்தக் கேள்வியில் பிழை கண்டுபிடிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. தலைவர் தலையாட்டினார். துஷ்யந்தன் அதைக் குறித்துக்கொண்டார். நான் ஒல்லாந்துக்காரர் விட்டுப்போன இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மற்ற வண்டிகள் தெரியாதபடி குனிந்து ஏரியை ஒரு படம் எடுத்து, "தனிமை" என்று எழுதிப் போட்டேன். மத்தியானத்துக்குள் எபினே ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது.